வெறுங்கையால் எடுத்த தண்ணீர்

இன்றைக்குத் தென்காசி ஸ்டேஷனில் உங்களுடைய தண்ணீரைப் பார்த்தேன்.

காலையிலிருந்தே சாரல். பிளாட்பாரத்தின் கடைசியில் இன்ஜினுக்குப் போடுகிற கரியைக் குவித்து வைத்திருப்பார்களே, அந்த இடம். குவியல் முழுக்க நனைந்து, அடியிலிருந்து நூல் மாதிரி ஒரு தண்ணீர் வடிந்து பக்கத்துக் குழியில் தேங்கியிருந்தது. மஞ்சளும் இல்லாமல் செம்மண்ணும் இல்லாமல் ஒரு நிறம். துருப்பிடித்த ஆணியை ஊறப்போட்டது போல. குழியைச் சுற்றியிருந்த கல்லெல்லாம் அந்த நிறத்துக்கு மாறிவிட்டது. கிட்டே போனதும் வாடை அடித்தது. நனைந்த கரியும், தீக்குச்சியைக் கிழித்து அணைத்த வாடையும் கலந்தது. நீங்கள் லீவில் வந்து டிரங்குப் பெட்டியைத் திறந்தால் வருமே, அதே வாடை.

குனிந்து விரலை விட்டுப் பார்த்தேன். சுமை தூக்குகிற ஒருவன் அந்த வழியாக வந்தான்.

"யக்கா, என்ன விழுந்துபோச்சு? கம்மலா?"

"ஒண்ணும் விழலப்பா."

"பெறவு எதுக்கு அந்தத் தண்ணியில கைய விடுதீய? அரிக்கும்க்கா. எந்திரிங்க."

சொல்லிவிட்டு என் கையைப் பார்த்தான். வளையல் இல்லாத கை. சட்டென்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போய்விட்டான்.

அரிக்கும் என்று எனக்குத் தெரியாதா? அது புளித்த தண்ணீர் என்று சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான். நான் ஸ்டேஷனுக்குப் போனது ஒரு பார்சல் போட. துணி வைத்துத் தைத்த சின்னப் பொட்டலம். அதற்குள் என்ன இருந்தது, ஏன் அனுப்பினேன் என்று உங்களுக்குச் சொல்லாமல் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. அதனால்தான் எழுதுகிறேன். என்னுடையது அஞ்சாம் கிளாஸ் எழுத்து. நீங்கள் இருந்தபோது என் கடிதத்தில் தப்பெல்லாம் சிவப்பு மையில் திருத்தி, உங்கள் கடிதத்தோடு சேர்த்துத் திருப்பி அனுப்புவீர்கள். எனக்குக் கோபம் கோபமாக வரும். இனி தப்பு அப்படியே இருக்கட்டும்.

கல்யாணத்தின்போது மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டவர்களிடமெல்லாம், "அஸ்ஸாம்ல, கரிச் சுரங்கத்துல, ஆபீஸ் வேலை" என்று அப்பா நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். ஐந்தருவிக்குப் போகிற வழியில் சீசனுக்குச் சீசன் பழக்கடை போடுகிறவர் அவர். ஆபீஸ் மாப்பிள்ளை என்றால் அவருக்கு அதுவே பெரிய காரியம். மேலகரத்துக்கு வாழ வந்த பிறகுதான் நான் உங்களிடம் கேட்டேன்.

"சுரங்கத்துலருந்து தண்ணி வழிஞ்சு வருதுல்லா, அதப் பிடிச்சு உள்ள என்னென்ன இருக்குன்னு பாக்கணும். அதான் எனக்கு வேலை."

"தண்ணிக்குள்ள என்ன இருக்கும்? தண்ணிதான் இருக்கும்."

நீங்கள் சிரித்தீர்கள். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. அப்போது அந்த இருமல் எனக்குச் சிரிப்பின் வால் மாதிரித்தான் தெரிந்தது.

கல்யாணமாகி இரண்டு வருஷம் கழித்துச் சாரலில் லீவுக்கு வந்தபோது, டிரங்குப் பெட்டியில் வைக்கோல் சுற்றிய கண்ணாடிப் போத்தல்களாகக் கொண்டுவந்து இறக்கினீர்கள். அத்தை வாசல்நடையில் நின்று பார்த்தார்கள்.

"ஊர்ல உள்ள பிள்ளையளெல்லாம் அஸ்ஸாமுக்குப் போனா தேயிலை கொண்டாருதான். எம்பிள்ள சாக்கடையக் கொண்டாந்து அரங்குல அடுக்குதான்."

"எம்மா, தேயிலை கடையில கிடைக்கும். இது கிடைக்காது."

"கிடைச்சா மட்டும்? கொழம்பு வைக்கவா?"

நெல்லும் பாத்திரமும் கிடந்த அந்த உள்ளறையை ஒழித்து, கழுவித் துடைத்து, வெள்ளை வேட்டியை விரித்து அதன்மேல் உங்கள் குப்பிகளை வைத்தீர்கள். அஸ்ஸாமில் காற்று முழுக்கக் கரித்தூசி, ஒரு தூசி விழுந்தால்கூடப் பார்த்ததெல்லாம் பொய்யாகிவிடும், நம் ஊர்ச் சாரலில் காற்றைக் கழுவிவிட்ட மாதிரி இருக்கிறது என்றீர்கள். இருமலுக்காக எடுத்த லீவிலும் நீங்கள் வேலை பார்த்ததற்கு அதுதான் காரணம்.

எனக்குப் புரிகிற மாதிரி நீங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"ஈயம் பூசாத பித்தளையில புளிக்கொழம்பு வச்சா என்ன ஆகும்?"

"களிம்பு ஏறும்."

"அதேதான். கரிக்குள்ள கந்தகம் இருக்கு. காத்தும் தண்ணியும் பட்டா புளிச்சுப்போகும். அந்தப் புளிச்ச தண்ணி கல்லுக்குள்ள கெடக்கிறதையெல்லாம் அரிச்சு இழுத்துட்டு வரும்."

அந்தச் சுரங்கத்துக்குக் கீழே கூலிக்காரர்கள் குடியிருக்கிற லைன் வீடுகள். அவர்களுக்கு ஒரே கிணறு. அந்தக் கிணற்றுத் தண்ணீர் மஞ்சளித்து, சோறு வடித்தால் சோறே கறுக்கிறது, குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு நிற்கவில்லை என்றீர்கள். சுரங்கத் தண்ணீர்தான் உள்ளே இறங்குகிறது என்று அவர்கள் சொன்னால், "அது இந்த மண்ணின் குணம், எல்லா மண்ணிலும் இரும்பு உண்டு" என்று மேலிடத்தில் தள்ளிவிட்டார்களாம். அதற்குப் பதில் சொல்லத்தான் நீங்கள் அந்தப் போத்தல்களைச் சுமந்து வந்தீர்கள்.

"இரும்பு எங்கயும் உண்டு, அவுக சொல்லுதது நெசம்தான். அத வச்சு இது யார் வீட்டுத் தண்ணின்னு சொல்ல ஏலாது. ஆனா துளியூண்டு, துளியிலும் துளியூண்டு துத்தநாகம், நிக்கல், கோபால்ட்டுன்னு சிலது கூட வருது. அது எல்லாம் சேந்து ஒரு ஜாடை. பிள்ளை மூக்கப் பாத்து இது இன்னார் பிள்ளைன்னு சொல்லுவாகள்லா, அதுமாதிரி. கெணத்துக்கும் சுரங்கத்துக்கும் ஜாடை ஒண்ணா இருந்துட்டா பெறவு யாரும் மறுக்க முடியாது."

பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சுரங்கமே இல்லாத மலையின் தண்ணீர் ஒன்று வேண்டும், அது ஐந்தருவித் தண்ணீராக இருக்கட்டும் என்றீர்கள். உங்களை நனையக் கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். நான் எடுத்து வருகிறேன் என்று முந்திக்கொண்டு சொன்னேன். எவ்வளவு பெருமை எனக்கு!

எப்படி எடுக்க வேண்டும் என்று காட்டினீர்கள். அதே தண்ணீரால் போத்தலை அலசிக் கொட்டி, மறுபடி அலசிக் கொட்டி, பிறகுதான் பிடிக்க வேண்டும். வாய்க்குள் விரல் படக் கூடாது. எந்த உலோகமும் கிட்டே வரக் கூடாது. நீங்கள் வேலையில் சேர்ந்த அன்றைக்கே மோதிரத்தைக் கழற்றிப் பெட்டியில் போட்டவர். கல்யாணத்துக்குப் போட்ட மோதிரத்தைக்கூட மறுவாரமே கழற்றிவிட்டீர்கள். நான் என் கையை நீட்டி, "அப்போ இது?" என்று கேட்டேன். கண்ணாடி வளையல்களுக்கு நடுவில் அப்பா போட்ட ஜோடி வளையல்.

"தங்கம்தான. தங்கம் தண்ணிக்கு மசியாது. கெடக்கட்டும்."

அருவியில் பெண்கள் பக்கம் நல்ல கூட்டம். ஒரு கையால் போத்தலைப் பிடித்து, மறு கையை மேலே கொடுத்து அருவியின் வேகத்தைத் தணித்துப் பிடித்தேன். தண்ணீர் என் முழங்கையில் விழுந்து, வளையலில் புரண்டு, போத்தலுக்குள் இறங்கியது.

"ஏட்டி, மாப்பிள்ளைக்குப் போத்தல்லயா பிடிச்சுட்டுப் போற? கள்ளுன்னு நெனச்சு ஏமாந்துரப் போறாரு!" என்று கூடப் படித்த ஒருத்தி சத்தம் போட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வந்த தண்ணீரில் பாதியை அன்றைக்கே வேறு போத்தலில் ஊற்றி, அரக்கு வைத்து, அஸ்ஸாம் ஆபீசுக்குப் பார்சல் போட்டீர்கள். அங்கேயும் ஒருவர் சோதித்துப் பார்க்க வேண்டுமாம். மீதியை அரங்குக்குள் கொண்டுபோனீர்கள்.

அந்தப் பச்சை மருந்தை நான் மறக்க மாட்டேன். பாசி நிறம். தண்ணீரில் அதை ஊற்றிக் குலுக்கினால், ஒன்றும் இல்லாத தண்ணீராக இருந்தால் பச்சை பச்சையாகவே கிடக்கும். துத்தநாகம் இருந்தால் சிவக்கும். பீங்கான் தட்டை வெளியே வைத்துப் பிடித்த மழைத் தண்ணீரை முதலில் பார்த்தீர்கள். பச்சை. பிறகு நான் கொண்டுவந்த ஐந்தருவித் தண்ணீர். குலுக்கி வெளிச்சத்தில் பிடித்தீர்கள். அது மெல்ல மெல்லத் தாமரை மொட்டு மாதிரி ஆனது.

"ஐ, எவ்வளவு அழகா இருக்கு!" என்றேன் நான்.

நீங்கள் சிரிக்கவில்லை. மருந்து கெட்டிருக்கும் என்று மழைத் தண்ணீரில் மறுபடி பார்த்தீர்கள். பச்சை. என் தண்ணீரில் மறுபடி. சிவப்பு. குப்பியைக் கீழே வைத்தீர்கள். பிறகு குப்பியைப் பார்க்காமல் என் கையைப் பார்த்தீர்கள்.

"அதக் கழத்து பாப்போம்."

பூந்திக்காய் நுரை போட்டுக் கழற்றினேன். உள்பக்கம் ஓரிடத்தில் மினுக்கம் தேய்ந்து மங்கலாக இருந்தது. வியர்வையால் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதை மழைத் தண்ணீரில் போட்டு வைத்தீர்கள். காபி குடித்துவிட்டு வந்து, அந்தத் தண்ணீரில் பச்சை மருந்தை விட்டுக் குலுக்கினீர்கள். இந்தத் தடவை தாமரை மொட்டு இல்லை. மாதுளம்பழத்தைப் பிழிந்த மாதிரி.

"தங்கத்துல துத்தநாகம் கலப்பாகளா?" என்று கேட்டேன்.

"செம்பு கலப்பாக."

"நான் துத்தநாகத்தக் கேட்டேன்."

நீங்கள் அரங்குக்கு வெளியே ஒதுக்கி வைத்திருந்த பித்தளைக் குடத்தைப் பார்த்தீர்கள். வளையலை வேட்டி நுனியில் துடைத்தீர்கள். என் கையைப் பிடித்து நீங்களே மாட்டிவிட்டீர்கள். தேய்ந்த இடம் கைக்கு அடியில் போகும்படி திருப்பிவிட்டீர்கள்.

"அம்மாட்ட ஒண்ணும் சொல்லண்டாம்."

அவ்வளவுதான். ஒரு வார்த்தை அதிகமாகச் சொல்லவில்லை. அன்றைக்கு நீங்கள் என்னைத் திட்டியிருந்தால், என் அப்பனைத் திட்டியிருந்தால், நான் அழுது தீர்த்து அதோடு முடிந்திருக்கும். நீங்கள் போய்க் குப்பிகளைக் கழுவ ஆரம்பித்தீர்கள். நான் அடுக்களையில் அத்தைக்கு முன்னால் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு நின்றேன். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மறுநாள் அப்பா கடைக்குப் போனேன். மங்குஸ்தானைக் கூறு போட்டுக்கொண்டிருந்தார். கையை நீட்டினேன். அவர் வளையலைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். பழத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"மாப்பிள்ளைக்குத் தெரிஞ்சுபோச்சா?"

"தண்ணி சொல்லிட்டு."

"தண்ணியா?"

"ஆமா. நீங்க ஏம்ப்பா இப்படிச் செய்தீய?"

"அந்த வருசம் சாரலே இல்லயேட்டி. அருவியில தண்ணி இல்ல, ரோட்டுல ஆள் இல்ல. வாங்கிப் போட்ட பழமெல்லாம் அழுகிப்போச்சு. பொன்னு இல்லன்னா கல்யாணம் நின்னுபோவும். அடுத்த சீசன்ல மாத்திப் போட்டுரலாம்னுதான் இருந்தேன். அடுத்த சீசன்ல உங்கம்மை படுத்துட்டா."

அவர் பேசும்போது ஒரு குடும்பம் வந்து பழம் விலை கேட்டது. அப்பா கூறு போட்ட பழத்தைக் கலைத்து மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தார். அவர்கள் அடுத்த கடைக்குப் போனார்கள். அவருக்காக வெட்கப்பட்டேனா, அவரால் வெட்கப்பட்டேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

தண்ணீர் மறுபடி எடுக்க வேண்டும். வளையலைக் கழற்றிவிட்டு நானே எடுக்கிறேன் என்றேன். "கழத்தி எங்க வைப்ப? அம்மா கையில எடுத்து உள்பக்கம் பாத்துட்டா?" என்றீர்கள். அதுவும் போக, புருஷன் இருக்கும்போது பொன் வளையல் இல்லாத கையோடு அருவிக்குப் போனால் ஊர் வாயை யார் மூடுவது? அதனால்தான் நீங்கள் குடையை எடுத்துக்கொண்டு, நான் தடுக்கத் தடுக்க, அப்பா கடைக்கு நடந்தீர்கள். நான் பின்னாலேயே ஓடி வந்தேன்.

உங்களைப் பார்த்ததும் அப்பா எழுந்தார். துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். அடி வாங்கப் போகிறவர் மாதிரி நின்றார்.

"மாமா, ஒங்க கை எனக்கு வேணும்" என்றீர்கள்.

"மாப்ள...?"

"மோதிரம், காப்பு ஒண்ணும் கெடையாதுல்லா உங்களுக்கு? வாங்க. ஒரு போத்தல் தண்ணி பிடிச்சுத் தரணும்."

ஆண்கள் பக்கம் அப்பா அருவிக்குள் போனார். நீங்கள் குடையோடு வெளியே நின்று, "அலசிக் கொட்டுங்க, இன்னொருக்கா அலசுங்க" என்று கத்திக்கொண்டிருந்தீர்கள். அப்பா போத்தலை இரண்டு கையாலும் ஏந்திக் கொண்டுவந்து நீட்டினார்.

"இந்தக் கைய நம்புதீயளா மாப்ள?"

"கை சுத்தமாத்தான் இருக்கு மாமா. நான் பாத்துட்டுத்தான கேட்டேன்."

அப்பா அருவிப்பக்கம் திரும்பிக்கொண்டார். முகமெல்லாம் தண்ணீராக இருந்ததால் வேறு ஒன்றும் தெரியவில்லை.

அந்தத் தண்ணீரில் மருந்து பச்சையாகவே கிடந்தது. அதற்குப் பக்கத்தில் லைன் கிணற்றுத் தண்ணீரையும் சுரங்கத் தண்ணீரையும் வைத்து, மருந்து மாற்றி மருந்து விட்டு, நிறத்தோடு நிறம் ஒட்டிப் பார்த்தீர்கள். வெயில் சாய்கிற நேரத்தில் என்னைக் கூப்பிட்டீர்கள்.

"பாரு. ரெண்டும் ஒரே வீட்டுப் பிள்ளையள்."

நீங்கள் திரும்பிப் போன பிறகு கொஞ்ச காலத்தில் கடிதம் வந்தது. கிணற்றை மூடிவிட்டார்கள், மேலேயிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் வருகிறது, லைனில் ஒரு பெண் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னாள், அவள் பாஷை உங்களுக்கு விளங்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். நான் அதை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றுதான் நினைத்துக்கொண்டேன். நான் செய்ய வேண்டியது அந்த வளையலை மினுக்கி வைப்பது, யார் கையிலும் கொடுக்காமல் இருப்பது, அவ்வளவுதான் என்று இருந்துவிட்டேன். கல்யாண வீடுகளில் யாராவது, "குடு, எடை பாப்போம்" என்று விளையாட்டாகக் கேட்டால்கூடக் கழற்ற வரவில்லை என்று எழுந்துவிடுவேன். விசேஷ வீட்டுக்குப் போவதையே குறைத்துக்கொண்டேன்.

ஒவ்வொரு லீவிலும் நீங்கள் இளைத்து வந்தீர்கள். கடைசியில் லீவு முடிந்தும் போக முடியவில்லை. சாரல் பெய்கிற சத்தம் கேட்கிற கட்டிலில், அந்த அரங்குக்குப் பக்கத்திலேயே, போய்விட்டீர்கள்.

துக்கம் கேட்க உங்களோடு வேலை பார்த்த செங்கோட்டைக்காரர் வந்தார். காபியைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், அத்தையிடம் பேசிக்கொண்டிருந்தார். நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன்.

"அவரு மாதிரி ஜாக்கிரதையான ஆளு கிடையாது கேட்டோ. ஒரே ஒரு தடவைதான் பிசகிப்போச்சு. இங்கேருந்து அனுப்பின அருவித் தண்ணியில துத்தநாகம் வந்துட்டு. என்னன்னு ஆபீசர் கேட்டாரு. 'மோதிரம் போட்ட கையோட நான்தான் எடுத்தேன், என் தப்பு'ன்னு எழுதிக் குடுத்துட்டாரு. எங்களுக்கெல்லாம் ஆச்சரியம். அவரு மோதிரமே போடமாட்டாரே! ஆபீசர்ட்ட இவருக்கு அன்னைக்குப் போன மதிப்பு திரும்ப வரல. கல்கத்தாவுல புது மெஷின் வந்திருந்துச்சு, தண்ணியச் சுட்டு வெளிச்சத்தப் பிரிச்சு அதுல என்ன இருக்குன்னு சொல்லும். அதுக்குப் படிக்க இவரத்தான் அனுப்புறதா இருந்துச்சு. வேற ஆளை அனுப்பிட்டாங்க. இவரு கடைசி வரைக்கும் சுரங்க வாசல்லதான் தண்ணியில நின்னாரு."

அவர் போகிற வரை நான் கதவுக்குப் பின்னால் அந்த வளையலைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தேன்.

தண்ணீரில் இல்லாததை இருக்கிறது என்று நீங்கள் ஒருநாளும் சொன்னவர் இல்லை. "ஆளு சொல்லுததக் கேக்காத, தண்ணியில போட்டுப் பாரு" என்பதுதானே உங்கள் வாயில் எப்போதும் இருக்கும்? அப்பேர்ப்பட்டவர் ஒரு பொய்யை எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். பித்தளை வளையல் என்று எழுதினால் அது செங்கோட்டைக்காரர் வழியாக நம் வீட்டுக்கு வந்துவிடும், அத்தை காதில் விழுந்துவிடும், என் தலை குனிந்துவிடும் என்று பயந்திருக்கிறீர்கள். என் கைக்காக உங்கள் கையைக் கெடுத்துக்கொண்டீர்கள். அந்தக் குளிர்ந்த கல்கத்தாக் கட்டிடத்துக்குள் உட்கார்ந்து வேலை பார்த்திருந்தால் உங்கள் நெஞ்சு தாங்கியிருக்குமோ என்னவோ. யாருக்குத் தெரியும். ஆனால் நான் அதைத்தான் நினைக்கிறேன். அடுப்புப் பற்றவைக்கும்போது நினைக்கிறேன், தலை வாரும்போது நினைக்கிறேன்.

சடங்கு அன்றைக்குப் பெண்கள் கூடி என் கையிலிருந்து எல்லாவற்றையும் எடுத்தார்கள். கண்ணாடி உடைந்தது. அந்த ஜோடி வளையல் தாம்பாளத்தில் கிடந்தது. சின்னம்மை ஒருத்தி, "இத அழிச்சு வேற நகை ஆக்கலாம்லா" என்று கையை நீட்டினாள். அத்தை சட்டென்று இரண்டையும் எடுத்து மடியில் கட்டிக்கொண்டார்கள். எல்லாரும் போன பிறகு என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

"உள்ள வை. தட்டான் கண்ணுல படண்டாம்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். "அத்த... ஒங்களுக்கு..."

"மொதநா ஒன் கையைப் பிடிச்சு உள்ள கூட்டியாந்தது யாரு? நாந்தான. பொன்னுக்கு உண்டான கனம் இல்லன்னு அப்பவே தெரியும்."

"ஏன் அத்த ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டா அவனுக்குத் தெரிஞ்சுபோவும். அவன் ஒன்னய எளக்காரமா நெனச்சிருவானோன்னு இருந்துட்டேன்."

நீங்கள் அத்தைக்குத் தெரியக் கூடாது என்று மறைத்தீர்கள். அத்தை உங்களுக்குத் தெரியக் கூடாது என்று மறைத்தார்கள். நான் இரண்டு பேருக்கும் நடுவில் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். ஒரே வீட்டில், ஒரே குழம்பை ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டு. நான் ஒருநாள் அத்தை முன்னால் கையை நீட்டி, இது பித்தளை என்று சொல்லியிருந்தால் போதும். நீங்கள் உண்மையை எழுதியிருப்பீர்கள்.

அதனால்தான் அந்தப் பார்சல். செங்கோட்டைக்காரரிடம் ஆபீசரின் விலாசம் கேட்டு வாங்கினேன். "அவர் மோதிரம் போடவில்லை. தண்ணீர் எடுத்தது நான். என் கையில் இருந்தது இந்த வளையல். சொன்னால் நம்ப வேண்டாம், தண்ணீரில் போட்டுப் பாருங்கள்" என்று எழுதினேன். இங்கிலீஷில் எழுதிக் கொடுக்கப் பள்ளிக்கூடத்து டீச்சரிடம் போகலாமா என்று பார்த்தேன். வேண்டாம், செங்கோட்டைக்காரர் அங்கே திரும்பிப் போனதும் படித்துச் சொல்லட்டும் என்று தமிழிலேயே வைத்தேன். அப்பாவிடம் போய்ச் சொன்னேன். எங்கள் வீட்டு மானம் போகுமே என்பார் என்று பயந்தேன். அவர் கோணி ஊசியைத் தேடி எடுத்தார். அத்தை உங்கள் பழைய வேட்டியில் ஒரு துண்டு கிழித்துக் கொடுத்தார்கள். அப்பா கடையில் உட்கார்ந்து, கண்ணுக்குக் கிட்டே வைத்துக்கொண்டு, ஒரு வளையலையும் கடிதத்தையும் உள்ளே வைத்துத் தைத்தார்.

ஸ்டேஷன் தபால் ஆபீஸ் ஜன்னலில் இன்றைக்கு நல்ல வரிசை. உள்ளே இருந்தவர் பொட்டலத்தை வாங்கி விரலால் அமுக்கிப் பார்த்தார்.

"என்னம்மா, வளையலா?"

"ஆமா."

"தங்கச் சாமான இப்படிச் சும்மா போடக் கூடாதும்மா. இன்ஷூர் பண்ணணும்."

எனக்குப் பின்னால் நம் தெருப் பலசரக்குக் கடை அண்ணாச்சி நின்றார். "ஆமாத்தா, பொன்ன நம்பி விட முடியுமா?" என்றார். பிறகு தபால்காரரிடம், "இவுக அப்பா போட்ட வளையல் சார். கல்யாணத்தன்னைக்கு எங்க கடை வழியாத்தான் ஊர்கோலம் வந்துச்சு. என்னமா மின்னுச்சுங்கிய!" என்றார்.

ஆமாம் என்று சொல்லிவிட்டு இன்ஷூர் பண்ணிவிடலாம் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. அப்படியும் ஒரு நினைப்பு வந்ததே, அதையும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

"இது தங்கம் இல்ல" என்றேன்.

"என்னது?"

மழைச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. உரக்கச் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

"பித்தளை. மேல தங்கத் தண்ணி காட்டினது. கல்யாணத்துலருந்தே பித்தளைதான்."

அண்ணாச்சி குடையைச் சுருக்கினார், விரித்தார், மறுபடி சுருக்கினார். தபால்காரர் எடை போட்டு முத்திரை குத்தினார். நான் திரும்பி எல்லாருக்கும் நடுவில் நடந்து வந்தேன். சாரல் முகத்தில் அடித்தும் முகம் எரிந்தது.

வெட்கம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். இன்றைக்குச் சாயந்திரத்துக்குள் மேலகரம் முழுக்கத் தெரிந்துவிடும். நாளைக்குத் தண்ணீர் பிடிக்கப் போகும்போது எல்லாரும் என் கையைப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். நாள் கணக்கு எனக்குத் தெரியாது. என்றைக்கோ ஒருநாள் அஸ்ஸாமில் ஒருவர் அந்த வளையலைத் தண்ணீரில் போட்டு, உங்கள் பச்சை மருந்தை ஊற்றிக் குலுக்குவார். அது சிவக்கும். உங்கள் கையில் ஒன்றும் இல்லை என்று அப்போது அவருக்குத் தெரியும்.

ஜோடியில் மிஞ்சிய ஒன்று தகர டப்பாவில் இருக்கிறது. நீங்கள் போடாத மோதிரமும் அதே டப்பாவில்தான். மோதிரம் வாங்கின அன்றைக்கு இருந்த மாதிரியே மின்னுகிறது. வளையலில் களிம்பு ஏறிவிட்டது. முன்பென்றால் யாரும் பார்ப்பதற்குள் புளி போட்டுத் தேய்த்து வைத்திருப்பேன். இனி தேய்க்கப்போவதில்லை.